"இடப்பக்கம் இழுக்கிறது": பழைய வானூர்தியும் அதன் கோளாறைச் சொல்லும் மொழியும்

பல்லாண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்ட ஒரு வானூர்தி பழுதுபார்க்கப்பெற்று முதன்முறை மேலே சென்று இறங்குகிறது. விமானி இறங்கி வந்து கோளாறுப் பதிவேட்டில் எழுதுகிறார்: "இடப்பக்கம் இழுக்கிறது." இரண்டே சொற்கள். பணிமனையில் இருப்போர் இவ்விரு சொற்களை வைத்துக்கொண்டு எதைத் தொடுவது? இறக்கையையா, வாலையா, கட்டுப்பாட்டு வடங்களையா? அல்லது எதையும் தொடாமல் விட்டுவிடுவதா? மொழியைப் பேணும் ஓர் அவையில் எந்திரத்தைப் பற்றிப் பேச வந்தமைக்கு இவ்வினாவே காரணம். பழைய வானூர்தியின் கோளாறைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை, விமானியின் கை உணர்ந்ததைச் சரியான சொல்லில் வைப்பதாகும். மறுபாதியைத் திருகுகோலும் ரசமட்டமும் பார்த்துக்கொள்ளும்.

பொதுப்படப் பேசினால் பொருள் நழுவிவிடும். ஆகவே ஒரே ஒரு வானூர்தியை எடுத்துக்கொள்வோம். அது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டைகர் மாத். 1931 அக்டோபர் 26ஆம் நாள் இங்கிலாந்தில் முதன்முதல் பறந்த இந்த ஈரடுக்கு இறக்கைப் பயிற்சி வானூர்தி, 8,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. பிரிட்டனோடு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலும் கட்டினார்கள். நம் மண்ணுக்கும் அது அயலானதன்று. சிங்கப்பூரில் காலாங் விமான நிலையம் 1937இல் திறக்கப்பட்ட காலத்தை ஒட்டி இவ்வட்டாரப் பறப்புக் கழகங்கள் வளர்த்தெடுத்தது மாத் குடும்பத்து வானூர்திகளைக் கொண்டுதான். 1941இன் இறுதியில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியபோது மலாயாத் தன்னார்வ வான்படை ஆயுதமற்ற டைகர் மாத் வானூர்திகளைச் செய்தித் தொடர்புக்கும் வேவுக்கும் பறக்கவிட்டது. இன்றும் உலகின் பல நாடுகளில் டைகர் மாத்துகள் பறந்துகொண்டிருக்கின்றன. இன்னும் சில கொட்டகைகளிலிருந்து வெளிவந்துகொண்டிருக்கின்றன.

அதன் உடலமைப்பைச் சுருக்கமாக மனத்தில் நிறுத்திக்கொள்வோம். உடல் எஃகுக் குழாய்களால் ஆனது. ஒவ்வோர் இறக்கைக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தாலான இரண்டு நெடுஞ்சட்டங்கள், முன்னொன்றும் பின்னொன்றுமாக. அவற்றின் குறுக்கே மெல்லிய விலாச் சட்டங்கள். மேலே இழுத்துக் கட்டிய துணி. துணியை விறைப்பாக்கும் டோப் எனும் பூச்சு. மேலிறக்கையையும் கீழிறக்கையையும் தாங்குகால்கள் இணைக்கின்றன. இவையனைத்தையும் தம் இழுவிசையால் ஒரு வடிவத்தில் நிறுத்தி வைப்பவை குறுக்கும் நெடுக்குமாக ஓடும் எஃகுக் கம்பிகள். வானில் இறக்கைகள் மேல்நோக்கி மடிந்துவிடாமல் பிடிப்பவை பறப்புக் கம்பிகள்; தரையில் அவை தொங்கிவிடாமல் பிடிப்பவை இறங்கு கம்பிகள். ஆக, டைகர் மாத்தின் வடிவம் வார்த்தெடுத்த வடிவமன்று. கட்டி நிறுத்திய வடிவம். கயிறு தளர்ந்த பந்தல் போல அதுவும் ஒருபக்கம் சரியும்.

இனி, சொற்கள். வானூர்திக்கு மூன்று வகை அசைவுகள் உண்டு. ஓர் இறக்கை தாழ மற்றது உயர்வதைச் 'சாய்தல்' எனக் கொள்வோம். மூக்கு இடமாகவோ வலமாகவோ போவதைத் 'திரும்பல்' எனக் கொள்வோம். மூக்கு ஏறி இறங்குவதற்கு 'நிமிர்தல்', 'தாழ்தல்' என்பன போதும். சாய்தலைச் செய்பவை இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஐலரான் பலகைகள். நிமிர்த்துவதும் தாழ்த்துவதும் வாலின் கிடைப்பலகை. இதனை எலிவேட்டர் என்பர். சிங்கப்பூரில் அச்சொல்லைக் கேட்டால் மின்தூக்கி நினைவுக்கு வரும் என்பதால் இங்கு 'வால் உயர்த்தி' என்றே வழங்குவோம். திருப்புவது சுக்கான். இச்சொல்லுக்கு வேறொன்று தேட வேண்டியதில்லை. அரபு மாலுமிகளிடமிருந்து கடல்வழியே தமிழுக்கு வந்து, கப்பலில் நெடுங்காலம் உழைத்து, இப்போது வானிலும் அதே வேலையைச் செய்கிறது.

'இழுக்கிறது' என்ற சொல்லின் குறை இப்போது விளங்கும். இடது இறக்கை தாழ்ந்தாலும் இழுக்கிறது. மூக்கு இடப்பக்கம் திரும்பினாலும் இழுக்கிறது. கைப்பிடியை வலப்பக்கம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தாலும் இழுக்கிறது. மூன்றும் மூன்று நோய்கள். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லும் நோயாளியிடம் மருத்துவர் "எங்கே, எப்போது, உண்ட பின்னா, உண்ணும் முன்னா" என்று கேட்பது போலவே இங்கும் கேட்டாக வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் வினா: இது கோளாறுதானா? டைகர் மாத்தின் ஜிப்சி மேஜர் எந்திரம் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுழல்வது. அதனால் ஓடுதளத்தில் விசை கூட்டியதும் மூக்கு வலப்பக்கம் ஓடும். வலஞ்சுழி எந்திரம் பூட்டிய அமெரிக்க வானூர்திகளில் பழகியவருக்கு இது தலைகீழ். கால் தன்போக்கில் தவறான மிதியை அழுத்தும். இறங்கி வந்து "வலப்பக்கம் இழுக்கிறது" என்று எழுதுவார். அதுபோலவே, இதில் ஐலரான்கள் கீழிறக்கைகளில் மட்டுமே உண்டு. சாய்க்கும்போது உயரும் ஐலரான் நன்றாக உயர, தாழ வேண்டியது மிகச் சிறிதே தாழும்படி வடிவமைத்திருந்தும், சுக்கானைச் சேர்த்து மிதிக்காவிட்டால் மூக்கு எதிர்ப்பக்கம் போக முனையும். சக்கரத்தில் பிரேக் கிடையாது. வாலில் சறுக்குக் கட்டை. தரையில் பக்கக்காற்று அடித்தால் காற்றாடிச் சேவல் போலக் காற்றை நோக்கித் திரும்பும். இவையெல்லாம் பிறவிக் குணங்கள். திருத்தப் புகுந்தால் இல்லாத கோளாறை உண்டாக்குவதில் போய் முடியும். எனவே முதற்சோதனைப் பறப்புக்கு அதே வகை வானூர்தியில் தோய்ந்த விமானியையே அனுப்புவது வழக்கம். குணத்தையும் குற்றத்தையும் பிரித்தறியும் காது அவருக்கே உண்டு.

வானில் தெரியும் கோளாறுகளுள் மிகுதியானவை தரையில், இறக்கைகளைப் பொருத்தும்போதே பிறக்கின்றன. பொருத்தும் வேலை கொத்தனார் வேலைக்கு நெருங்கிய உறவு. வானூர்தியின் வாலை உயர்த்தி, பறக்கும் நிலையில் தாங்கிகள்மேல் நிறுத்தி, நெடுக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துச் சமன் பார்ப்பார்கள். பெட்ரோல் தொட்டியைச் சுமக்கும் மேல்நடுப்பகுதியை முதலில் சதுரமாக நிறுத்த வேண்டும். அங்கே ஒரு நூலிழை பிசகினால் இறக்கை நுனியில் அது விரற்கடையாக வளரும். பிறகு இறக்கைகள் உடலிலிருந்து எவ்வளவு மேல்நோக்கி ஏறுகின்றன, மேலிறக்கை கீழிறக்கையைவிட எவ்வளவு முன்தள்ளி நிற்கிறது என்பவற்றைத் தூக்குக்குண்டு தொங்கவிட்டு அளப்பார்கள். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் பொருத்துகோணத்தைச் சாய்வுமானி காட்டும். கடைசியாக, இடது இறக்கை நுனியிலிருந்து வால் தூணுக்கும் வலது நுனியிலிருந்து அதே தூணுக்கும் நாடா பிடித்து இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

கம்பிகளைச் சரிசெய்வதில் ஒரு நுட்பம் உண்டு. அவை உருண்டைக் கம்பிகள் அல்ல. காற்றைக் கிழிக்கும்படி தட்டையாக்கிய கம்பிகள். ஒருமுனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. ஆதலால் கம்பியையே திருகினால் நீளம் கூடும் அல்லது குறையும். திருகி முடித்ததும் அதன் கூர்விளிம்பு காற்றை நோக்கி நிற்க வேண்டும் என்பதால் அரைச்சுற்று அரைச்சுற்றாகவே நகர முடியும். கோணலாக நின்றுவிட்ட கம்பி வானில் அதிர்ந்து ரீங்கரிக்கும். கம்பியின் மரை பிடிமுனைக்குள் போதிய ஆழம் சென்றிருக்கிறதா என்பதை அறிய அங்கே ஒரு சிறு துளை உண்டு. குண்டூசியை அதில் நுழைத்தால் அது மறுபுறம் வரக்கூடாது. இருபக்கமும் ஒத்த அளவு கிடைக்கவில்லையே என்று கம்பியைத் தளர்த்திக்கொண்டே போகும் கைக்கு அந்த ஊசிதான் எல்லை.

இங்கு, பறக்கும் முன்பே பார்த்துவிட வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் மேலே போக இயலாது. 1947 ஆகஸ்டு 23ஆம் நாள் இங்கிலாந்தின் உட்ஃபர்டு விமானத்தளத்தில் ஆவ்ரோ டியூடர் வகை வானூர்தியொன்று மேலெழுந்த சிறிது நேரத்தில் விழுந்தது. உயிரிழந்தவர்களுள் லங்காஸ்டர் குண்டுவீச்சு வானூர்தியை வடிவமைத்த ராய் சாட்விக்கும் ஒருவர். காரணம், ஐலரான்களின் வடங்கள் மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2018 நவம்பர் 11ஆம் நாள் போர்ச்சுகலில் பெரும் பராமரிப்பு முடிந்து புறப்பட்ட ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் வானூர்தியிலும் ஐலரான் வடங்கள் தவறாகப் பூட்டப்பட்டிருந்தன. விமானிகள் பெரும் போராட்டத்துக்குப் பின் பேஜா தளத்தில் அதனை இறக்கினார்கள். "கட்டுப்பாடுகள் தடையின்றி அசைகின்றனவா?" என்று மட்டும் கேட்டால் இரண்டு வானூர்திகளுமே 'ஆம்' என்றுதான் சொல்லியிருக்கும். கேட்க வேண்டியது, எந்தப் பக்கம் அசைகின்றன என்பது. கைப்பிடி இடப்பக்கம் போனால் இடது ஐலரான் உயர வேண்டும். ஒருவர் உள்ளிருந்து அசைக்க, மற்றொருவர் வெளியே நின்று கண்டதை வாய்விட்டுச் சொல்வதும், வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் தனியே சோதித்துக் கையொப்பமிடுவதும் ஏன் கட்டாயமாயின என்பதற்கு இந்நிகழ்ச்சிகளே விளக்கம்.

சரி, எல்லாம் நேராக இருக்கிறது. வானூர்தி மேலே போய்விட்டது. அப்போதும் "இடப்பக்கம் இழுக்கிறது". இனி எப்படி?

காற்று அசையாத காலைப்பொழுதை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் முற்பகல் பத்து மணிக்கு மேல் தரை சூடேறி, மேலே காற்று கொதிக்கும் உலைபோலாகிவிடும். அதில் கையை விட்டுச் சோதிப்பது வீண். மட்டமாகப் பறந்தபடி, வேகத்தை நிலையாக நிறுத்தி, சுக்கானை நடுவில் வைத்து, கைப்பிடியை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தது, வானூர்தி பக்கவாட்டில் சறுக்குகிறதா என்பது. அதற்குக் கருவி உண்டு. ஆனால் டைகர் மாத் திறந்த இருக்கை கொண்டது. சறுக்கினால் ஒரு கன்னத்தில் மட்டும் காற்று அறையும். பழைய விமானிகள் கருவியைவிடக் கன்னத்தை நம்பியதாகச் சொல்வதில் வியப்பில்லை. சறுக்கலை மிதியால் நிறுத்தியதும் இறக்கை தாழ்வதும் நின்றுவிட்டால், குற்றம் வாலில்: சுக்கானோ, நிமிர்ந்து நிற்கும் வால்தகடோ கோணியிருக்கிறது, மூக்கு திரும்புவதால்தான் இறக்கை சாய்கிறது. சறுக்கலே இல்லாமல் இறக்கை தாழ்ந்தால் குற்றம் இறக்கையில்.

அடுத்து விசையை மாற்றிப் பார்க்கலாம். எந்திர விசையைக் குறைத்ததும் கோளாறு குறைந்தால், சுழலியின் பின்காற்று வாலில் மோதும் விதமே காரணம். இறக்கைக் கம்பிகளைத் தொட வேண்டியதில்லை.

பிறகு வேகம். இதனைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஏனெனில் இறக்கைக் கோளாறுகளுள் இரண்டு பெரும் வகைகளை இதுவே பிரித்துக் காட்டும். இடது இறக்கை தாழ்வதற்குக் காரணம் அதன் வடிவமாகவோ பொருத்துகோணமாகவோ இருந்தால், அது காற்றால் வரும் விசை. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி வளரும். மணிக்கு 60 மைல் வேகத்தில் இருந்ததைவிட 90 மைல் வேகத்தில் கை அழுத்த வேண்டிய பளு இரண்டேகால் மடங்காகும். ஆனால் கைப்பிடியை எவ்வளவு தூரம் வலப்பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறோமோ, அந்தத் தூரம் ஏறத்தாழ மாறாது. மாறாக, இடது இறக்கை வெறுமனே எடை மிகுந்ததாக இருந்தால் நிலைமை வேறு. எடை வேகத்தோடு கூடுவதில்லை. விரைவாகப் பறக்கும்போது சிறு ஐலரான் அசைவே அதை ஈடுகட்டிவிடும். மெதுவாகப் பறக்கும்போதுதான் கைப்பிடியை வெகுதூரம் தள்ள வேண்டிவரும். எனவே "வேகத்தில் கனக்கிறது" என்று எழுதுபவரும் "இறங்கும்போது கைப்பிடி ஓரத்துக்குப் போகிறது" என்று எழுதுபவரும் வெவ்வேறு கோளாறுகளைச் சொல்கிறார்கள். இருவரும் 'இழுக்கிறது' என்றே எழுதியிருந்தால் பணிமனையில் ஒரே மருந்துதான் கிடைத்திருக்கும்.

டைகர் மாத்தில் எடைவேறுபாடு அரிது என்று நினைக்கத் தோன்றும். இறக்கைக்கு ஒரு தொட்டி வைத்த வானூர்திகளில் ஒருபக்கப் பெட்ரோல் கூடுதலாக இருப்பதே பல புகார்களுக்குக் காரணம். இங்கோ 19 காலன் கொள்ளும் ஒரே தொட்டி நட்டநடுவில், மேலே. இருக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக. ஆனால் இறக்கையின் அடிப்பக்கத் துணியில் நீர் வடிவதற்கென விடப்படும் சிறு துளைகள் பூச்சால் அடைபட்டிருந்தால், கொட்டகைக் கூரையின் ஒழுகல் பல பருவங்களாக ஓர் இறக்கைக்குள் தேங்கியிருக்கக் கூடும். ஒருபக்க இறக்கையில் மட்டும் பழைய பழுதுவேலை கூடுதலாக இருக்கலாம். நம்மைப் போன்ற ஈரமிக்க நாடுகளில் முதலாவதை மறப்பதற்கில்லை.

வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசை இழக்கும் தறுவாயில் மட்டும் ஒருபக்கம் 'சட்'டென்று விழுந்தால், பார்க்க வேண்டிய இடம் மேலிறக்கையின் முன்விளிம்பு. அங்கே தானாகத் திறந்துகொள்ளும் பட்டைகள் உண்டு. ஒன்று திறந்து மற்றது துருவிலோ பூச்சிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படி நேரும். மட்டமாகப் பறக்கும்போது இதற்கு அறிகுறியே இராது.

இவ்வளவும் பார்த்து, காரணம் இடது இறக்கையின் பொருத்துகோணம் என்று முடிவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் எளிது. இடப்பக்கப் பின் இறங்கு கம்பியைச் சற்றுத் தளர்த்தி, பின் பறப்புக் கம்பியை அதற்கேற்ப இறுக்கினால் பின் நெடுஞ்சட்டம் இறங்கும், கோணம் கூடும், இறக்கை மிகுதியாகத் தூக்கும். இதைவிட எளிதான வழிகளும் உண்டு. ஐலரானின் பின்விளிம்பில் ஒருபக்கமாகச் சிறு நூற்கயிற்றை ஒட்டினால் காற்று அதைப் பிடித்து ஐலரானை மறுபக்கம் தள்ளும். தகடு வைத்த வானூர்திகளில் தகட்டைக் கையாலேயே வளைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை, விமானிக்கும் மகிழ்ச்சி.

இந்த எளிமையிலேதான் இடர் ஒளிந்திருக்கிறது என்பது நம் கருத்து. பொருத்தும்போது ஒத்திருந்த கோணம் இப்போது ஏன் மாறியது? கம்பி தளர்ந்திருக்கலாம், துணி ஒருபக்கம் மிகையாக இறுகி விலாச் சட்டங்களை வளைத்திருக்கலாம், இவை தாங்கக்கூடியவை. ஆனால் அக்காலத்து மர வானூர்திகள் பலவற்றில் சட்டங்களை ஒட்டியது பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை. ஈரமும் பூஞ்சையும் அதற்குப் பகை. துணிக்குள்ளே ஓர் ஒட்டு விட்டுப்போனால் தரையில் இறக்கை ஒழுங்காகத் தோன்றும். சாய்வுமானி சரியான எண்ணையே காட்டும். வானில் பளு ஏறியதும் இறக்கை முறுக்கிக்கொள்ளும். விமானி 'இழுக்கிறது' என்பார். பணிமனை கம்பியை அரைச்சுற்றுத் திருகும். வானூர்தி நேராகப் பறக்கும். சில நாள் கழித்து மீண்டும் இழுக்கும், மீண்டும் அரைச்சுற்று. புகார் நின்றுவிட்டது, ஒட்டு இன்னும் விட்டுக்கொண்டே போகிறது. காய்ச்சலை அடக்கும் மாத்திரையால் காய்ச்சல்தான் அடங்கும்.

ஆகவே பதிவேட்டில் தேட வேண்டிய செய்தி ஒன்று உண்டு: கோளாறு நிலையாக இருக்கிறதா, நாளுக்கு நாள் மாறுகிறதா? ஐந்து பறப்பிலும் ஒரே அளவில் தாழும் இறக்கை, பொருத்துவதில் நேர்ந்த பிழையைச் சொல்கிறது. முதல் நாளைவிட ஐந்தாம் நாள் மிகுதியாகத் தாழும் இறக்கை, உள்ளே ஏதோ நகர்கிறது என்று சொல்கிறது. அத்தகையதற்குக் கம்பியைத் தொடக்கூடாது. துணியை வெட்டித் திறந்து பார்க்க வேண்டும். புதிதாகப் போர்த்திய துணியில் கத்தி வைக்க யாருக்கும் மனம் வராது. செலவும் உண்டு, மாதக் கணக்கில் காலமும் போகும். இங்கே 'சற்று' என்ற சொல் செய்யும் தீங்கு பெரிது. "சற்று இழுக்கிறது" என்று ஐந்து நாளும் எழுதியிருந்தால் அந்த ஐந்தும் ஒன்றா, வேறுவேறா என்பதை எவரால் அறிய முடியும்? "கையை விட்டபின் இறக்கை தாழத் தொடங்க எட்டு வினாடி" என்று எழுதியிருந்தால், அடுத்த வாரம் "நான்கு வினாடி" என்பது தானே குரல் கொடுக்கும்.

மூக்கு நிமிர்தல், தாழ்தல் பற்றிய புகார்களுக்கு வருவோம். டைகர் மாத்தில் வால் உயர்த்தியைச் சமன்செய்ய ஒரு சுருள்வில்லும் அதை இழுக்கும் நெம்புகோலும் உண்டு. அந்நெம்புகோலைக் கடைசி வரை தள்ளியும் வால் கனக்கிறது என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது நிறுவையை. மீட்டெடுக்கும் வேலையில் வால்பகுதிக்குப் புதுத்துணி, கூடுதல் பூச்சு, கனமான பழுதுபட்டைகள் சேர்ந்துவிடும். எடை மையத்திலிருந்து வால் ஏறக்குறைய நாலரை மீட்டர் தொலைவு எனக் கொண்டால், 800 கிலோகிராம் வானூர்தியின் வாலில் சேரும் ஒவ்வொரு கிலோகிராமும் எடை மையத்தை ஐந்தரை மில்லிமீட்டர் அளவு பின்தள்ளும். மூன்று கிலோகிராம் பூச்சு என்பது பூசுபவருக்கு ஒன்றுமில்லை. விமானிக்கு அது ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு மேல். பழைய ஏட்டில் கண்ட எடையைப் படியெடுப்பதை விட்டு, வானூர்தியைத் தராசுகள்மேல் ஏற்றிப் புதிதாக நிறுப்பதே முறை.

எடை மையம் பின்னே போவதன் விளைவு கைக்குக் கனமாகத் தெரிவதோடு நிற்பதில்லை. வானூர்தி சுழன்றுகொண்டே விழும் சுழல்வீழ்ச்சியிலிருந்து மீள்வதும் கடினமாகும். டைகர் மாத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் வான்படையின் டைகர் மாத்துகள் சுழல்வீழ்ச்சியிலிருந்து மீளத் தயங்குவதாகப் புகார்கள் எழ, ஆய்வுக்குப் பின் வாலின் கிடைத்தகட்டுக்கு முன்னே உடலின் இருபுறமும் குறுகிய பட்டைகள் சேர்க்கப்பட்டன. பத்தாண்டு பறந்து பழகிய வகைக்கே இப்படியொரு திருத்தம் தேவைப்பட்டது. இன்று மீட்டெடுக்கப்படும் டைகர் மாத்துகளில் சிலவற்றுக்கு அப்பட்டைகள் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. எது எந்த நாட்டில், எந்த விதியின்கீழ்ப் பறந்தது என்பதை ஏட்டைப் பார்த்தே தெளிய வேண்டும். அது தெளியும்வரை சுழல்வீழ்ச்சிச் சோதனையைத் தள்ளிவைப்பதே நன்று.

விமானியின் கைக்கு எட்டாத கோளாறுகளும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 2013 டிசம்பர் 16ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கடலோரத்தில் ஒரு டைகர் மாத்தின் இடது இறக்கைகள் வானிலேயே பிய்ந்து, அதிலிருந்த இருவரும் உயிரிழந்தனர். உடலின் குறுக்கே ஓடி, இருபக்கக் கீழிறக்கைகளின் இழுவிசையைத் தாங்கும் எஃகுத் தண்டுகள் இரண்டும் முறிந்திருந்தன. அவற்றின் மரைப்பகுதியில் உலோகக் களைப்பால் விரிசல்கள் முன்பே வளர்ந்திருந்தன. விரிசல் விழுந்த தண்டு முறியும் கணம் வரை தண்டாகவே வேலை செய்யும். இறக்கை தாழாது, மூக்கு திரும்பாது, கையில் எதுவும் தெரியாது. அத்தகைய உறுப்புகளுக்குப் புகாரை எதிர்பார்த்திருக்க முடியாது. அவற்றைக் கழற்றிப் பார்க்கவும் குறித்த காலத்தில் மாற்றவும் ஏட்டில் நாள் குறித்து வைப்பது ஒன்றே வழி. நேராகப் பறக்கும் வானூர்தி நலமான வானூர்தி என்ற நம்பிக்கையை இவ்விடத்தில் கைவிட்டாக வேண்டும்.

முதலில் எடுத்துக்கொண்ட கற்பனைப் பதிவேட்டுக்குத் திரும்புவோம். அதே விமானி இரண்டாம் நாள் மேலே போய் வந்து இப்படி எழுதுகிறார் எனக் கொள்வோம்: "காலை ஏழரை மணி. காற்று இல்லை. தனியாக, பின்னிருக்கையில். 80 மைல், மட்டப் பறப்பு. கையை விட்டால் இடது இறக்கை எட்டு வினாடியில் தாழத் தொடங்குகிறது. மூக்கு திரும்பவில்லை, கன்னத்தில் காற்று இல்லை. விசை குறைத்தும் மாற்றமில்லை. 60 மைலில் கையில் பளு குறைவு, 90 மைலில் மிகுதி. இறக்கை தூக்குவிசை இழக்கையில் இருபக்கமும் ஒன்றாக விழுகின்றன."

இதைப் படிக்கும் பணிமனைக்கு வாலைத் தொட வேண்டியதில்லை, நிறுக்க வேண்டியதில்லை, முன்விளிம்புப் பட்டையைத் தேய்க்க வேண்டியதில்லை. தாங்கிகள்மேல் நிறுத்தி, இடப்பக்கப் பொருத்துகோணத்தை மீண்டும் அளக்கிறார்கள். வலப்பக்கத்தைவிடக் கால் பாகை குறைவு. பின்கம்பிகள் ஒவ்வொன்றையும் அரைச்சுற்று நகர்த்துகிறார்கள், மரைத்துளையில் ஊசி விட்டுப் பார்க்கிறார்கள், பூட்டுமரைகளை இறுக்குகிறார்கள், வேறொருவர் வந்து பார்த்துக் கையொப்பமிடுகிறார். மூன்றாம் நாள் ஏட்டில் "இருபது வினாடி" என்று இருக்கிறது. நான்காம் நாளும் இருபது. ஐந்தாம் நாளும் இருபது. அதற்குமேல் அவர்கள் கம்பியைத் திருகவில்லை. புதுக்கம்பிகள் இழுபட்டு அமைந்த பின் மீண்டும் அளக்க வேண்டும் என்று ஒரு நாளை மட்டும் குறித்து வைத்தார்கள்.